கேக் நடக்கக் கூடாது: வீட்டுப் பிறந்தநாளுக்கு எந்த கேக், எந்த அலங்காரம்?

என் மகளுக்கு நான்கு வயது நிறைந்த அன்று மூன்றடுக்கு ஸ்பான்ஞ் கேக் செய்து, இடையிலும் மேலேயும் அடித்த கிரீம் பூசி மேசை நடுவில் வைத்திருந்தேன். காலையில் எடுத்த படத்தில் அது நிமிர்ந்து நிற்கிறது. மாலையில் எல்லாரும் வந்து சேர்வதற்குள் அறை சூடாகிவிட்டது. மெழுகுவத்தி ஏற்றப் போகும்போது மகள்தான் முதலில் பார்த்தாள். “அம்மா, கேக் நடக்குது.” மேலடுக்கு சத்தமில்லாமல் இடப்பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. ஒரு கையால் அதைத் தாங்கிப் பிடித்தபடிதான் பாட்டுப் பாடி முடித்தோம். அன்று எடுத்த படங்கள் எல்லாவற்றிலும் என் கை இருக்கிறது.

சுவையில் குறையே இல்லை. காலை பத்து மணிக்கு அழகாக இருக்கும் கேக்கை நான் தேர்ந்தெடுத்திருந்தேன். எனக்குத் தேவைப்பட்டதோ மாலை ஆறு மணிக்கு நிற்கும் கேக். அதற்குப் பிறகு எதைச் செய்யலாம் என்று யோசிக்கும்போதெல்லாம் மூன்று விஷயம் பார்க்கிறேன். முந்தின நாளே முடித்து வைக்க முடியுமா? இரண்டு மணி நேரம் மேசை மேல் தாங்குமா? சுற்றிலும் பத்துக் குழந்தைகள் முண்டியடிக்கும்போது ஒரே ஆளால் வெட்டிக் கொடுக்க முடியுமா? கீழே வரும் ஒப்பீடெல்லாம் இந்த மூன்றையும் வைத்துத்தான். பேக்கரி கேக்கோடு போட்டி போடும் எண்ணம் எனக்கு இல்லை.

வெண்ணெயா, எண்ணெயா

வீட்டில் செய்யும் பிறந்தநாள் கேக் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும்.

வெண்ணெய் கேக்கின் கணக்கு மனப்பாடம் செய்யத் தேவையில்லாத கணக்கு. வெண்ணெய், சர்க்கரை, மைதா மூன்றும் தலா 200 கிராம். 4 முட்டை; உடைத்து ஊற்றினால் அதுவும் ஏறக்குறைய 200 கிராம்தான். இதோடு 2 தேக்கரண்டி பேக்கிங் பவுடர், தளர்த்திக்கொள்ள இரண்டு மேசைக்கரண்டி பால், கொஞ்சம் வெனிலா. 20 செ.மீ. வட்ட டின் இரண்டில் பிரித்து ஊற்றி 180 டிகிரியில் 25 நிமிடம் வைத்தால் இரண்டடுக்கு கேக் தயார்.

சொல்வதற்கு எளிது. வேலை எல்லாம் வெண்ணெயையும் சர்க்கரையையும் சேர்த்து அடிப்பதில் இருக்கிறது. சர்க்கரைத் துகள்கள் வெண்ணெய்க்குள் குடைந்து குடைந்து சின்னச் சின்னக் காற்றறைகளை உண்டாக்கும். பேக்கிங் பவுடர் புதிதாகக் குமிழி உண்டாக்குவதில்லை, ஏற்கெனவே இருக்கும் அறைகளைத்தான் ஊதிப் பெரிதாக்குகிறது. அதனால் இந்தக் கட்டத்தில் அவசரப்பட்டால் கேக் செங்கல்லாகும். வெண்ணெய் 18 முதல் 21 டிகிரிக்குள், அதாவது விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும், ஆனால் பளபளவென்று எண்ணெய் கசியக் கூடாது. கலவை மஞ்சள் நிறம் போய் வெளுத்து, கிண்ணத்தின் ஓரத்தில் பஞ்சுபோல் ஒட்டும்வரை அடிக்க வேண்டும். மின்சாரத்தில் அடிக்கும் பீட்டர் கருவி இருந்தால் நான்கைந்து நிமிடம். கையால் என்றால், சரி, வீட்டில் இருக்கும் எல்லாரையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். முட்டையைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து நேராக ஊற்றினால் கலவை திரிந்துபோகும். திரிந்தால் பயப்பட வேண்டாம், ஒரு கரண்டி மைதாவைச் சேர்த்தால் கூடிவிடும்.

எண்ணெய் கேக் இதற்கு நேர்மாறு. அடிப்பது என்ற பேச்சே இல்லை. 190 கிராம் மைதா, 200 கிராம் சர்க்கரை, 25 கிராம் கோகோ பொடி, 1 தேக்கரண்டி பேக்கிங் சோடா, அரைத் தேக்கரண்டி உப்பு எல்லாவற்றையும் ஒரு கிண்ணத்தில் சலித்துக்கொள்ள வேண்டும். வாசனை இல்லாத எண்ணெய் 75 மி.லி., வினிகர் 1 மேசைக்கரண்டி, வெனிலா 1 தேக்கரண்டி, தண்ணீர் 240 மி.லி. இவற்றை ஊற்றி, உலர்ந்த மாவு கண்ணில் படாத வரைக்கும் மட்டும் கலக்க வேண்டும். 20 செ.மீ. சதுர டின், 180 டிகிரி, 30 முதல் 35 நிமிடம். ஒரு கிண்ணம், ஒரு கரண்டி, பத்து நிமிட வேலை. முட்டையும் இல்லை, பாலும் இல்லை.

முட்டையில்லாமல் எப்படி எழும்பும் என்று கேட்பார்கள். வினிகரின் புளிப்பு சோடாவோடு சேர்ந்ததும் கரியமில வாயு பொங்கும். அதுதான் கேக்கைத் தூக்குகிறது. கிண்ணத்துக்குள் காது வைத்தால் மெல்லிய இரைச்சல்கூடக் கேட்கும். ஆனால் இந்தப் பொங்கல் காத்திருக்காது. ஓவனை முன்பே சூடாக்கி வைத்துவிட்டுத்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும். கலந்து வைத்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தால் கதை முடிந்தது. இன்னொன்று, அதிகம் கலக்கவே கூடாது. மைதாவைக் கலக்கக் கலக்க அதிலுள்ள குளூட்டன் இழுவை பிடித்து, கேக் ரப்பராகிவிடும்.

முட்டையில்லா கேக் ஏதோ குறைப்பட்ட கேக் என்று நினைப்பவர்களுக்கு ஒரு சேதி. பேக்கிங் பவுடரின் கதையே முட்டை ஒத்துக்கொள்ளாத ஒரு வீட்டில்தான் தொடங்குகிறது. இங்கிலாந்தைச் சேர்ந்த ஆல்ஃபிரட் பேர்ட் என்ற வேதியியலர், மனைவிக்கு முட்டையும் ஈஸ்டும் ஒத்துக்கொள்ளாததால் முதலில் முட்டையில்லாத கஸ்டர்டையும், பிறகு 1843-இல் ஈஸ்ட் தேவைப்படாத பேக்கிங் பவுடரையும் உண்டாக்கினார்.

சுவையை மட்டும் வைத்தால் வெண்ணெய் கேக் ஒரு படி மேலேதான், அதை மறுக்க முடியாது. வெனிலா கேக் என்றால் எண்ணெயில் செய்யவே வேண்டாம், சப்பென்று இருக்கும். சாக்லெட் என்றால் கதை வேறு: கோகோவின் வாசம் வெண்ணெயை மறைத்துவிடும், எண்ணெயின் ஈரம் கேக்குக்கு நல்லதே செய்யும்.

முந்தின நாளே செய்து வைக்கலாமா என்ற கேள்வியில் எண்ணெய் கேக் தெளிவாக ஜெயிக்கிறது. வெண்ணெய் குளிரில் இறுகும். குளிர்பெட்டியில் வைத்த வெண்ணெய் கேக்கை அப்படியே வெட்டினால் உலர்ந்து உதிரும், ஒரு மணி நேரமாவது வெளியில் வைத்துத்தான் கொடுக்க வேண்டும். எண்ணெய் குளிரிலும் இறுகாது, அதனால் அந்த கேக் மறுநாளும் மெத்தென்றே இருக்கும். உண்மையில் மறுநாள்தான் கூடுதல் சுவை.

முட்டையை மட்டும் நுரைக்க அடித்துச் செய்யும் ஸ்பான்ஞ், நடந்துபோன என் கேக் அந்த ரகம்தான், பார்க்க அழகு. ஒரு மாதம் பயிற்சி எடுக்க நேரம் இருந்தால் செய்யுங்கள். பிறந்தநாளுக்கு முந்தின இரவில் வேண்டாம்.

ஓவன் இல்லாதவர்களுக்கும் எண்ணெய் கேக்தான் தோது. அடிகனமான பெரிய பாத்திரத்தில் ஒரு வளையத்தையோ தாங்கியையோ வைத்து மூடி, பத்து நிமிடம் சூடாக்கி, கேக் டின்னை உள்ளே இறக்கி மிதமான தீயில் முக்கால் மணி நேரம் விட்டால் வெந்துவிடும். குக்கராக இருந்தால் ரப்பர் வளையத்தையும் விசிலையும் கழற்றிவிட வேண்டும், உள்ளே தண்ணீர் கூடாது. மேற்பரப்பு சிவக்காது. அதனால் என்ன, அதன் மேல் ஏதாவது பூசத்தானே போகிறோம்.

வட்டம், தட்டு, கப்கேக்

பலர் இதை யோசிப்பதே இல்லை. வட்டம் என்று முன்பே முடிவாகிவிட்டது, ஏனென்றால் மனதில் இருக்கும் படம் வட்டம்.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். 20 செ.மீ. வட்ட கேக்கின் பரப்பு சுமார் 314 சதுர செ.மீ.; அதே 20 செ.மீ. சதுரம் 400. வட்டத்தை 25 செ.மீ. ஆக்கினால் 490. பார்த்தால் ஐந்து செ.மீ.தான் வித்தியாசம், ஆனால் கேக் ஒன்றரை மடங்குக்கும் மேல். 23-க்கு 33 செ.மீ. தட்டில் ஊற்றினால் 759. மேலே சொன்ன எண்ணெய் கேக் அளவை அப்படியே இரட்டிப்பாக்கினால் இந்தத் தட்டுக்குச் சரியாக இருக்கும், நேரம் மட்டும் 35 முதல் 40 நிமிடம்.

வெட்டும்போதுதான் தட்டு கேக்கின் அருமை தெரியும். நீளவாக்கில் ஆறு, அகலவாக்கில் நான்கு என்று கோடு போட்டால் 24 துண்டு, எல்லாம் ஒரே அளவு. “அவனுக்குப் பெருசா இருக்கு” என்ற வழக்கு எழாது. வட்ட கேக்கை வெட்டும்போது முதல் மூன்று துண்டு கூம்பாக வரும், நான்காவது சாயும், கடைசித் துண்டு கிரீமும் தூளுமாகக் கிண்ணத்தில் போகும். தட்டு கேக்கை வேகவைத்த தட்டிலிருந்து எடுக்கக்கூடத் தேவையில்லை. அதிலேயே பூசி, அதிலேயே அலங்கரித்து, அதிலேயே தூக்கிக்கொண்டும் போகலாம். அது எங்கேயும் நடக்காது.

அடுக்கு கேக்குக்கு இருக்கும் உயரமும் கம்பீரமும் இதற்கு வராது என்பது நிஜம். அந்தக் கம்பீரம் வேண்டுமென்றால் இரண்டு அடுக்கோடு நிறுத்துங்கள். கேக் முழுக்க ஆறி, அதற்குப் பிறகும் அரை மணி நேரம் குளிரில் வைத்துவிட்டுப் பூசுங்கள். வெதுவெதுப்பான கேக்கில் பூசுவது எதுவும் ஒட்டாது, உருகி வழியும். முதலில் மெல்லிசாக ஒரு பூச்சுப் பூசி, தூளையெல்லாம் அதில் ஒட்டவைத்து, 20 நிமிடம் குளிரவிட்டு, அதன் மேல் இரண்டாவது பூச்சு. சுவருக்கு வெள்ளையடிப்பதுபோலத்தான்.

கப்கேக்கை மூன்று வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் நிறைய வரும் கூட்டத்துக்கு நான் சொல்வேன். கத்தி வேண்டாம், தட்டும் வேண்டாம், ஆளுக்கொன்று கையில் கொடுத்தால் தீர்ந்தது. சதுர டின்னுக்குச் சொன்ன கலவையில் 12 வரும், 18 முதல் 20 நிமிடம் போதும். குறை ஒன்று உண்டு: குழந்தைகள் மேலே இருக்கும் கிரீமை நக்கிவிட்டு மிச்சத்தை வைத்துவிட்டுப் போவார்கள். ஒருமுறை சோபாவின் இடுக்கிலிருந்து நான்கு மொட்டைக் கப்கேக் எடுத்தேன்.

எண் வடிவ கேக் கேட்கும் குழந்தைக்கும் தட்டு கேக்தான் உதவும். 1, 4, 7 மூன்றும் நேர்கோட்டு வெட்டுகளாலேயே வந்துவிடும். வயது அப்படி அமைந்தால் அதிர்ஷ்டம். 8 என்றால் இரண்டு வட்ட கேக், நடுவில் குழி. இதயம் வேண்டுமென்றால் 20 செ.மீ. சதுரம் ஒன்று, 20 செ.மீ. வட்டம் ஒன்று. சதுரத்தை மூலைவாட்டில் நிறுத்தி, வட்டத்தைப் பாதியாக வெட்டி மேற்பக்க இரண்டு விளிம்பிலும் ஒட்டினால் கனகச்சிதமாகப் பொருந்தும். 2, 3, 5 வெட்டுவது கொஞ்சம் பொறுமையைச் சோதிக்கும். முதலில் தாளில் வரைந்து வெட்டி, கேக் மேல் வைத்து, அதைச் சுற்றிக் கத்தியை ஓட்டுங்கள். உறையக் குளிர வைத்த கேக் தூளாகாமல் வெட்டுப்படும்.

மேலே என்ன பூசுவது

அடித்த கிரீமை முதலில் கழித்துவிடுகிறேன், என் கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும். அதற்குக் கொழுப்பு 30 சதவீதத்துக்குக் குறையாத கிரீம் வேண்டும், கிரீமும் கிண்ணமும் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும், அடிக்கும்போது ஒரு நிமிடம் அதிகமானால் வெண்ணெய் திரளத் தொடங்கும். பூசிய பிறகும் குளிர்பெட்டியை விட்டு வெளியே அதிக நேரம் வைக்கக் கூடாது. இரண்டு மணி நேரமே எல்லை, வெயில் காலத்தில் அதற்கும் குறைவு. சாப்பிட லேசாக, திகட்டாமல் இருப்பது இதுதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நான்கு பேர் மட்டும் இருக்கும் வீட்டுக் கொண்டாட்டமா, கேக் நேராகக் குளிர்பெட்டியிலிருந்து வந்து உடனே வெட்டப்படுமா, தாராளமாகப் பூசலாம்.

பட்டர்கிரீம் என்பது வெண்ணெய் ஒரு பங்கு, ஐசிங் சர்க்கரை இரண்டு பங்கு. 250 கிராமுக்கு 500 கிராம் போட்டு, ஒரு கரண்டி பாலும் சேர்த்து அடித்தால் இரண்டடுக்கு வட்ட கேக்குக்குப் போதும். நிறம் ஏற்கும், பைப்பிங் பையில் போட்டுப் பூ வைக்கலாம், தவறு செய்தால் வழித்துவிட்டு மறுபடி பூசலாம். தொடக்கக்காரர்களை இவ்வளவு மன்னிக்கும் பூச்சு வேறு இல்லை. ஆனால் இனிப்பு மிக அதிகம். பெரியவர்கள் பாதியில் தட்டை ஓரமாக வைப்பார்கள். வெண்ணெய் உருகுவது 32 முதல் 35 டிகிரியில். அதற்கு வெகு முன்பே தளர ஆரம்பித்துவிடும். அறை சூடாக இருக்கும் என்றால், வைத்த பூவெல்லாம் மாலைக்குள் தலை சாய்ந்துவிடும்.

நிறம் சேர்க்கும்போது திரவமாக இருப்பதை விட ஜெல் நிறம் நல்லது, துளியில் வேலை முடியும், கிரீம் நீர்த்துப்போகாது. நேரம் ஆக ஆக நிறம் அடர்ந்துகொண்டே போகும், அதனால் முந்தின இரவில் ஒரு சாயல் குறைவாகவே நிறுத்துங்கள். கருஞ்சிவப்புக்கும் கருப்புக்கும் நிறத்தைக் கொட்ட வேண்டியிருக்கும். நாக்கு, பல், மேசைவிரிப்பு எல்லாம் அதே நிறமாகும். பெற்றோர் மறுநாள் கூப்பிட்டுக் கேட்பார்கள்.

என் தேர்வு கனாஷ். கறுப்பு சாக்லெட் 200 கிராம், கிரீம் 200 மி.லி. கிரீமை ஓரத்தில் குமிழி வரும்வரை சுட வைத்து, நறுக்கிய சாக்லெட் மேல் ஊற்றி, இரண்டு நிமிடம் கை வைக்காமல் இருக்க வேண்டும். அப்புறம் நடுவிலிருந்து சின்ன வட்டமாகக் கலக்கத் தொடங்கினால், முதலில் திரிந்ததுபோல் தோன்றி, பிறகு திடீரென்று கண்ணாடிபோல் ஒன்றுசேரும். இந்த ஒரு நொடிக்காகவே அதைச் செய்யலாம். கால் மணி ஆறவிட்டுத் தட்டு கேக் மேல் ஊற்றி, தட்டைச் சாய்த்துச் சாய்த்துப் பரப்பினால் கத்திகூடத் தேவையில்லை. சூடான அறையென்றால் சாக்லெட்டை இரண்டு பங்காக்கி, 250 கிராமுக்கு 125 மி.லி. கிரீம் என்று வைத்தால் இன்னும் இறுக்கமாக நிற்கும். முந்தின இரவே முடித்து வைக்கலாம். கறுப்பு சாக்லெட்டின் லேசான கசப்பைக் குழந்தைகள் ஏற்கமாட்டார்கள் என்று பயந்தேன். மேலே வண்ண மிட்டாய் தூவியதும் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

ஃபாண்டன்ட் என்னும் சர்க்கரை மாவுப் போர்வை படத்துக்குத்தான். உருவங்கள் செய்யலாம், வழவழப்பு வரும், ஆனால் வீட்டில் பழக்கமில்லாத கைக்கு அது கிழியும், மடங்கும், காயும். சாப்பிடும்போது குழந்தைகள் தோலை உரிப்பதுபோல் உரித்துத் தட்டோரம் வைப்பார்கள். இவ்வளவு பாடுபட்டுச் செய்தது அங்கே கிடப்பதைப் பார்க்க மனசு கேட்காது.

எதுவுமே பூசாமலும் விடலாம். இதை யாரும் ஒரு வழியாகவே கணக்கில் எடுப்பதில்லை. தாளில் நட்சத்திரமோ பெயரின் முதல் எழுத்தோ வெட்டி எடுத்துவிட்டு, ஓட்டை விழுந்த தாளைக் கேக் மேல் வைத்து ஐசிங் சர்க்கரையைச் சலித்து, தாளை மெதுவாகத் தூக்கினால் கறுப்பு கேக்கில் வெள்ளை நட்சத்திரம். பரிமாறப் போகும் நேரத்தில்தான் செய்ய வேண்டும், முன்பே செய்தால் கேக்கின் ஈரம் சர்க்கரையைக் குடித்துவிடும். பால் ஒத்துக்கொள்ளாத குழந்தை வருகிறது என்றால் எண்ணெய் கேக்கும் இந்தச் சர்க்கரைத் தூவலும் போதும். வருகிறவர்களில் யாருக்கு என்ன ஒவ்வாமை என்று அழைக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது. ஐந்து வயதுக்குள் உள்ளவர்கள் வந்தால் முழுக் கொட்டைப் பருப்புகள் மேலே வேண்டாம், தொண்டையில் அடைக்கும்.

கேக் மேல் ஒரே ஒரு விஷயம்

தூவும் மிட்டாய், பழம், பொம்மை, பூ, கொடி என்று எல்லாம் வைத்தால் எதுவும் தெரியாது. குழந்தை தன் நண்பனிடம் ஒரே சொல்லில் சொல்லக்கூடியதாக இருந்தால் போதும்: “ரயில் கேக்.” கனாஷ் பூசிய தட்டு கேக்கில் பிஸ்கட் குச்சிகளைத் தண்டவாளமாகப் பதித்து, வீட்டில் இருக்கும் விளையாட்டு ரயிலைக் கழுவித் துடைத்து மேலே வைத்தால் அது ரயில் கேக்தான். அரைத்த பிஸ்கட்டைத் தூவினால் மண். அதில் மண்வாரி வண்டியோ டைனோசரோ நிறுத்தலாம். இரண்டு மணி நேரம் செலவழித்து நான் ஃபாண்டன்டில் செய்த முயலை “இது என்ன, உருளைக்கிழங்கா?” என்று கேட்ட அதே மகன், ஐந்து நிமிடத்தில் நிறுத்திய மண்வாரி வண்டியைப் பார்த்துக் கத்தினான்.

பொம்மைக்கு அடியில் ஒரு சின்னப் பட்டர் பேப்பர் துண்டு வையுங்கள். பல்குத்தும் குச்சி எதையும் உள்ளே குத்தி வைக்க வேண்டாம், எத்தனை வைத்தோம் எத்தனை எடுத்தோம் என்று அந்த நேரத்தில் யாருக்கும் நினைவிருக்காது. மினுமினுப்புத் தூள் வாங்கினால் டப்பாவில் உண்ணத்தக்கது என்று இருக்கிறதா என்று பாருங்கள். நச்சற்றது என்று மட்டும் போட்டிருந்தால் அது கைவேலைக்கான தூள், சாப்பிடுவதற்கானது இல்லை. நறுக்கிய பழம் அழகாக இருக்கும், ஆனால் நீர் விடும். பரிமாறும் நேரத்தில் வைத்தால் போதும்.

அறைக்கு: பலூனா, காகிதமா

பலூன் இல்லாத பிறந்தநாளா என்பார்கள். ரப்பர் பலூனை முதன்முதலில் செய்தவர் மைக்கேல் ஃபாரடே, 1824-இல், ஹைட்ரஜனை அடைத்துச் சோதனை செய்வதற்காக. குழந்தைகள் கைக்கு அது பிறகுதான் வந்தது. நாற்பது பலூன் ஊதிக் கட்டுவது எவ்வளவு வேலை என்பதை முடிச்சுப் போடும் ஆள்காட்டி விரலைக் கேட்டால் தெரியும், பத்தாவது பலூனில் தோல் எரிய ஆரம்பிக்கும். கைப்பம்பு ஊதத்தான் உதவும், முடிச்சுக்கு உதவாது. அன்று காலையில்தான் ஊத வேண்டும், அதாவது உங்களுக்கு நேரமே இல்லாத அதே காலையில். ஹீலியம் அடைத்த 28 செ.மீ. ரப்பர் பலூன் 12 முதல் 24 மணி நேரம் மிதக்கும், அதனால் அதையும் முந்தின நாளே வாங்கி வைப்பது சூதாட்டம். பளபளக்கும் தகட்டு பலூன் பல நாள் தாங்கும்.

ஒரு விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். எட்டு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்கு ஊதாத பலூனும் உடைந்த பலூன் துண்டும் மூச்சுக்குழாயை அடைக்கக்கூடியவை. ரப்பர் சவ்வு தொண்டையில் அப்படியே ஒட்டிக்கொள்ளும். பலூன் வெடித்தால் பாட்டை நிறுத்திவிட்டாவது துண்டுகளைப் பொறுக்கிவிட வேண்டும். கைக்குழந்தைகள் வரும் கூட்டம் என்றால் நான் பலூனை எட்டாத உயரத்தில் மட்டும் கட்டுகிறேன், அல்லது விட்டுவிடுகிறேன். வெடிச்சத்தத்துக்கு அழும் குழந்தை ஒன்றாவது எப்போதும் இருக்கும்.

காகிதச் சங்கிலி பழைய காலத்து அலங்காரம்தான். ஆனால் நான் வைத்த எல்லாச் சோதனையிலும் அது தேறுகிறது. ஏ4 வண்ணத்தாளைக் குறுக்காக 3 செ.மீ. பட்டைகளாக வெட்டினால் ஒரு தாளுக்கு 9 வரும். ஐந்து தாளில் 45 வளையம், ஏறக்குறைய மூன்று மீட்டர் நீளம். ஒரு வாரம் முன்பே தொடங்கலாம். ஐந்து வயதுக் குழந்தையே ஒட்டும், அதனால் அந்த வாரத்தில் “எப்போ பிறந்தநாள்?” என்ற கேள்வியும் கொஞ்சம் குறையும். கழற்றி மடித்து வைத்தால் அடுத்த வருடத்துக்கும் ஆகும். கிரேப் காகிதச் சுருளும் நன்றாக இருக்கும், முறுக்கி முறுக்கிக் கட்டினால் பத்து நிமிடத்தில் ஒரு சுவர் முடியும்; ஈரம் பட்டால் மட்டும் சாயம் இறங்கும், அதனால் கேக்குக்கு மேலேயும் பழச்சாறு வைக்கும் இடத்திலும் வேண்டாம். ஒட்டுவதற்கு மாஸ்கிங் டேப் போதும். அகல பிளாஸ்டிக் டேப் உரியும்போது சுவரின் பெயிண்டையும் சேர்த்துக்கொண்டு வரும், என் வீட்டுக் கூடத்தில் அதற்கு மூன்று சாட்சி இருக்கிறது.

முழு அறையையும் அலங்கரிக்க வேண்டிய அவசியமே இல்லை. கேக் மேசைக்குப் பின்னால் இருக்கும் ஒன்றரை மீட்டர் சுவர் மட்டும் போதும், படங்களில் வருவது அதுதான். மேசையை ஜன்னலுக்கு முன்னால் மட்டும் போட்டுவிடாதீர்கள், பின்னாலிருந்து வெளிச்சம் வந்தால் படத்தில் எல்லார் முகமும் கறுத்துப்போகும். சுவரில் தொங்கும் காகிதம் மெழுகுவத்திச் சுடருக்கு எட்டாத தூரத்தில் இருக்கட்டும்.

மெழுகுவத்தி

ஊதி அணைப்பதைப் பற்றி 2017-இல் அமெரிக்காவின் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு செய்தார்கள். கேக்குக்குப் பதிலாக வெண்நுரைத் தட்டை வைத்து, அதன் மேல் ஐசிங் பூசி, மெழுகுவத்தி குத்தி, ஆட்களை ஊதச் சொன்னார்கள். ஊதாத தட்டை விட ஊதிய தட்டில் பாக்டீரியா சராசரியாகப் பதினைந்து மடங்கு இருந்தது. பெரும்பாலும் இதனால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது, பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. ஆனால் சளி பிடித்த பிறந்தநாள் குழந்தை எச்சில் தெறிக்க நான்கு முறை ஊதுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் என்ற முறையில், இப்போது ஒரு தனிக் கப்கேக்கில் மெழுகுவத்தி ஏற்றுகிறேன். ஊதியவருக்கே அது. மூக்கொழுகும் விஷயத்தில் கறாராக இருக்கும் என் அக்கா முதல் முறையாக இரண்டாவது துண்டு கேட்டு வாங்கினாள்.

நேரத்தைப் பொறுத்தவரை நான் இப்போது செய்வது இது. இரண்டு நாளைக்கு முன் இரவு கேக்கை வேகவைத்து, தட்டிலேயே முழுக்க ஆறவிட்டு மூடிவிடுகிறேன். முந்தின இரவு கனாஷ். சங்கிலியும் அன்றே சுவரில் ஏறிவிடும். பிறந்தநாள் காலையில் கேக் சம்பந்தமாக எனக்கு மீதி இருப்பது வண்டியைக் கழுவுவது மட்டும். மதியத்துக்கு மேல் கேக்கைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து வெளியே வைத்து, கொடுக்கப் போகும் அரை மணி முன்பு மண் தூவி வண்டியை நிறுத்துகிறேன். வெட்டுவதற்குக் கத்தியைச் சுடுதண்ணீரில் நனைத்துத் துடைத்துக்கொண்டால் கனாஷ் ஒட்டாமல் வெட்டுப்படும், ஒவ்வொரு வெட்டுக்கும் துடைக்க வேண்டும். மிஞ்சிய துண்டுகளை அன்று இரவே மூடிக் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். காலையில் முதலில் எழுந்திருப்பவர் யாரோ, அவருக்கு நிற்கும் நிலையிலேயே ஒரு துண்டு.